அம்மாவின் பச்சைப் புத்தகம் தொலைந்துபோனது: மலேசியாவின் மின்சுகாதாரத் திட்டம் நம் தோட்டத்துக்கு எப்போது வரும்?

சிப்புட் பிள்ளை | ஞாயிறு, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வயது 71. சுங்கை சிப்புட்டில், பழைய தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறார். பால்மரம் வெட்டிய உடம்பு. இப்போது முட்டி வலி, 19 வருடமாக இனிப்பு நீர் (நீரிழிவு), கூடவே ரத்தக் கொதிப்பு. மருந்து, சர்க்கரை அளவெல்லாம் எழுதி அரசாங்க கிளினிக்கில் கொடுத்த பச்சைப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, பிறப்புப் பத்திரங்களோடு பிஸ்கட் டின்னில் வைத்திருப்பார். வெளியூர் போனால் அது கைப்பைக்கு மாறும்.

தைப்பூசம் முடிந்து அக்கா வீட்டுக்கு ஜொகூர் போனார். பஸ் மாறுகிற இடத்தில் கைப்பை போய்விட்டது. பணம் போனதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. புத்தகமும் அதோடு போனது என்று இரண்டு நாள் கழித்துத்தான் எங்களுக்கு உறைத்தது. அங்கே முட்டி வலி தாங்க முடியாமல் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். எந்தக் கிளினிக் என்று எழுதப் போவதில்லை, அது இங்கே விஷயமே இல்லை. "என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார். "ரெண்டு வெள்ளை, ஒரு சின்ன மஞ்சள், ராத்திரிக்கு ஒண்ணு" என்று அம்மா சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

பத்தாவது நாள் கால் வீங்கியது. ஊருக்குக் கூட்டிவந்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சிறுநீரகத்தின் செயல்பாடு நன்றாகவே குறைந்திருந்தது. "இவங்களுக்கு இந்த வகை வலி மாத்திரை கொடுக்கவே கூடாது, கிட்னி ஏற்கெனவே பலவீனம்னு ஃபைல்ல எழுதியிருக்கு" என்றார் நம்மூர் டாக்டர். எழுதித்தான் இருக்கிறது. அந்த ஃபைல் இங்கே இரும்பு அலமாரியில் இருந்தது. அம்மா 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்.

ஜொகூர் டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் ஒன்றுமே இல்லை, பாவம். என் கேள்வி வேறு. மின்சுகாதாரம், மின்பதிவு, நோயாளி விவரமெல்லாம் கணினியில் என்று நான் பள்ளியில் படித்த காலத்திலிருந்து பேசுகிறார்கள். அது எங்கே நிற்கிறது? நம்மைப் போன்றவர்கள் என்ன கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

செம்பனைத் தம்பி | ஞாயிறு, இரவு 10:05

அம்மா இப்ப எப்படி இருக்காங்க அண்ணே? படிக்கும்போதே மனசு கனத்துப்போச்சு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நாங்கள் காலை ஆறு மணிக்கு நம்பர் எடுக்கப் போய் பதினோரு மணிக்கு டாக்டரைப் பார்க்கிறோம். அன்றைய சம்பளம் போய்விடுகிறது. கணினிக்குப் போடுகிற காசில் இன்னும் இரண்டு டாக்டரைப் போடலாமே?

சிப்புட் பிள்ளை | ஞாயிறு, இரவு 10:20

தேறி வருகிறார் தம்பி. மருந்தை நிறுத்தியதும் வீக்கம் குறைந்தது. இனி மாதம் ஒருமுறை ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மாறன் (மென்பொருள்) | திங்கள், காலை 7:30

நான் மருத்துவமனைகளுக்கான மென்பொருள் வேலையில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். பிறந்தது பீடோர் பக்கம் ஒரு தோட்டத்தில். இந்தக் கதையை எப்போது கேட்டாலும் எனக்குத் தூக்கம் போய்விடும், ஏனென்றால் இது நடக்கக்கூடாது என்று நாடு 1997-லேயே எழுதி வைத்திருக்கிறது.

மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்று அரசாங்கம் தகவல் தொழில்நுட்பத்துக்குப் பெரிய திட்டம் போட்ட காலம் நினைவிருக்கும். அதன் முதன்மைத் திட்டங்களில் ஒன்றாகத் தொலைமருத்துவப் பெருந்திட்டம் 1997-இல் வெளிவந்தது. அதன் நடுவில் இருந்த எண்ணம் அழகானது: ஒவ்வொரு மலேசியருக்கும் பிறப்பு முதல் இறப்பு வரை ஒரே வாழ்நாள் சுகாதாரப் பதிவு. அதே ஆண்டு தொலைமருத்துவச் சட்டமும் நிறைவேறியது, ஆனால் பல ஆண்டுகளாகியும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. 1999-இல் செலாயாங் மருத்துவமனை காகிதமே இல்லாமல் திறக்கப்பட்டது. அந்த நாளில் இந்த வட்டாரத்திலேயே அது பெரிய முயற்சி. பிறகு புத்ராஜெயா. 2005-இல் தொலை முதன்மைப் பராமரிப்புத் திட்டம் சில மாநிலக் கிளினிக்குகளுக்குப் போனது. அதன் அடுத்த வடிவம் பல் சிகிச்சைப் பதிவையும் சேர்த்துக்கொண்டு நெகிரி செம்பிலானில் வந்தது. 2017-இல் சுகாதாரத் தரவுக் கிடங்கு. 2020-இல் கோவிட்டுக்காக வந்த மைசெஜாத்ரா செயலி இன்று தடுப்பூசிப் பதிவுக்கும் கிளினிக் முன்பதிவுக்கும் உதவுகிறது. 2023 ஜூனில் மக்களவை ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கையும் மின்மயத்தை வலியுறுத்துகிறது.

ஆக, முயற்சி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கோளாறு எங்கே என்றால், ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிறுவனம் ஒரு மென்பொருளைப் போட்டது. ஒன்று பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது. ஒரு மருத்துவமனைக்குள் எல்லாம் கணினியில் இருக்கும், வாசலைத் தாண்டினால் நோயாளி கையில் ஒரு காகிதக் கடிதம்.

"புரியாது" என்றால் என்ன என்று ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். நம் ஊரில் சாப்பிடாமல் எடுத்த ரத்தச் சர்க்கரையை 7 என்று எழுதுவோம். அதே அளவைச் சென்னையில் 126 என்று எழுதுவார்கள். அளவு முறை வேறு, இடையில் 18 ஆல் பெருக்க வேண்டும். மனிதருக்கு இது சட்டென்று புரியும். கணினிக்கு வெறும் 7 மட்டும் போனால் அது என்ன 7, எந்த அளவில், சாப்பிடும் முன்பா பின்பா என்று எதுவும் தெரியாது. இதையெல்லாம் சேர்த்து அனுப்பும் பொது மொழி உலகத்தில் இருக்கிறது. ஹெச்எல்7 ஃபயர் என்பார்கள். நோய்களின் பெயருக்கு ஐசிடி-10 குறியீடு. தேசிய திட்டம் என்பதே முதலில் இதுதான்: நீ எந்த மென்பொருளை வேண்டுமானாலும் வாங்கு, ஆனால் இந்த மொழியில் பேசாவிட்டால் வாங்காதே.

செம்பனைத் தம்பிக்கு: டாக்டர் வேண்டும் என்பது சரியான கேள்வி. ஆனால் இருக்கிற டாக்டர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் பழைய ஃபைலைப் புரட்டுவதில் போனால், அதுவும் டாக்டர் பற்றாக்குறைதான்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | திங்கள், பிற்பகல் 2:15

மாறன் தம்பி, நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் மிச்சமாகும் என்று மட்டும் சொல்லாதீர்கள். 32 வருடம் அரசாங்க கிளினிக்கில் இருந்தவள் நான், தாய்சேய் பிரிவில் பாதிக் காலம். கணினி வந்த கிளினிக்கில் என்ன நடந்தது என்று கண்ணால் பார்த்தேன்.

கர்ப்பிணியின் புத்தகத்தில் எடை, ரத்த அழுத்தம், குழந்தையின் இதயத்துடிப்பு எழுதுவேன். கிளினிக்கில் இருக்கும் அட்டையில் அதையே எழுதுவேன். மாதக் கணக்குப் பேரேட்டில் ஒரு கோடு. பிறகு கணினியில் அதையே தட்டுவேன். ஒரே ரத்த அழுத்தம், நான்கு இடம். கணினி வந்தது, ஆனால் பேரேட்டை யாரும் எடுத்துப்போகவில்லை. லைன் போகும் என்ற பயத்தில் அட்டையையும் எடுக்கவில்லை. மத்தியானம் லைன் போனால் எல்லாவற்றையும் துண்டுச் சீட்டில் எழுதி வைத்து, நாலு மணிக்கு மேல் உட்கார்ந்து தட்டுவோம். அந்தத் துண்டுச் சீட்டில் ஒன்று பறந்துபோனால் ஒரு பெண்ணின் அன்றைய பதிவு இல்லை.

ஒரு திட்டம் வெற்றியா இல்லையா என்று எத்தனை கணினி போட்டார்கள் என்பதை வைத்து எண்ணக்கூடாது. எத்தனை பேரேடு குறைந்தது என்று எண்ணுங்கள். நர்ஸ் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறாள் என்று கேளுங்கள்.

அப்புறம் சிப்புட் பிள்ளைக்கு ஒரு கேள்வி. அம்மாவின் ஐசியில் (அடையாள அட்டையில்) பெயர் எப்படி இருக்கிறது, கிளினிக் அட்டையில் எப்படி இருக்கிறது என்று ஒத்துப் பார்த்தீர்களா? பார்த்துவிட்டு எழுதுங்கள், காரணம் இருக்கிறது.

பழைய கிராணி | திங்கள், மாலை 6:50

தோட்ட ஆபீஸில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தவன். எழுதுவது எனக்கு மெதுவாகத்தான் வரும்.

அந்தக் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் ஒருவர் இருப்பார். எஸ்டேட் ஹாஸ்பிடல் அசிஸ்டண்ட் என்று பதவிப் பெயர். அவர்களைப் பதிவு செய்ய 1965-லேயே தனிச் சட்டம் உண்டு. அவரிடம் ஒரு தடித்த புத்தகம் இருக்கும், சிவப்புத் துணி பைண்டிங். எந்த லயம், எந்த வீடு, பெரட்டு (வேலை வருகைப் பதிவு) நம்பர் என்ன, போன வாரம் என்ன மருந்து கொடுத்தார், எல்லாம் ஒரே கோட்டில். பிள்ளை பிறந்ததும் அதில், பாம்பு கடித்ததும் அதில். அவருக்குப் புத்தகமும் தேவைப்படாது, ஆளைப் பார்த்தாலே சொல்லிவிடுவார். யாருக்கு எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்பது அவர் மனதில் இருந்தது.

தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது சனங்கள் ஆளுக்கொரு தாமானுக்குப் போனார்கள். டிரசரும் போனார். அந்தப் புத்தகம் என்ன ஆனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆபீஸைக் காலி செய்த அன்று பழைய செக்ரோல்களை (சம்பளப் பேரேடுகளை) எல்லாம் ஒரு லோரியில் ஏற்றினார்கள். அதுவும் அதில் போயிருக்க வேண்டும். மூன்று தலைமுறையின் உடம்புக் கணக்கு அது.

மாறன் சொல்லும் வாழ்நாள் பதிவு எங்களுக்குப் புதிது இல்லை. இருந்ததை இழந்தவர்கள் நாங்கள். அதனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கிளினிக் மூடினாலும், கம்பெனி மாறினாலும், மென்பொருள் நிறுவனம் கடையைக் கட்டினாலும் பதிவு மனிதரோடு போக வேண்டும்.

செம்பனைத் தம்பி | திங்கள், இரவு 9:12

கிராணி ஐயா எழுதியதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். டிரசர் பெயரைச் சொல்லி அழுதுவிட்டார்.

வழக்கறிஞர் தங்கச்சி | செவ்வாய், காலை 10:25

சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். எல்லாரும் "ஒரே பதிவு" என்று ஆசைப்படும்போது "யார் பார்க்கலாம்" என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது.

2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசு (மத்திய) அரசாங்கத்தையும் மாநில அரசாங்கங்களையும் கட்டுப்படுத்தாது. தனியார் கிளினிக் உங்கள் விவரத்தை வெளியே விட்டால் அந்தச் சட்டத்தை வைத்துக் கேள்வி கேட்கலாம், அரசாங்கம் விட்டால் அதே சட்டத்தை வைத்துக் கேட்க முடியாது. 2025-இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டம் கூட்டரசு அமைப்புகள் தங்களுக்குள் தரவைப் பகிர வழி செய்கிறது. பகிர வழி வந்துவிட்டது. நோயாளியின் கையில் ஒரு பூட்டும் வேண்டும் அல்லவா?

2023 பிப்ரவரியில் வெளியான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை நினைவிருக்கும். மைசெஜாத்ராவின் உயர்மட்ட நிர்வாகக் கணக்கு ஒன்றிலிருந்து தடுப்பூசி போட்டுக்கொண்ட 30 லட்சம் பேரின் விவரம் பதிவிறக்கப்பட்டிருந்ததை அது வெளியே கொண்டுவந்தது. பக்கத்திலேயே சிங்கப்பூர். தேசிய மின்பதிவை 2011-லேயே தொடங்கிய நாடு, பணமும் ஒழுங்கும் உள்ள நாடு. அங்கே 2018-இல் ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் தகவலைத் திருடினார்கள், பிரதமருடையது உட்பட.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. எஸ்தோனியா என்ற சின்ன நாடு, மக்கள்தொகை 13 லட்சம். 2008 முதல் நாடு முழுவதற்கும் ஒரே சுகாதாரத் தகவல் முறை வைத்திருக்கிறார்கள். அங்கே ஒருவர் தன் பதிவைத் திறந்தால், இதுவரை யார் யார் அதைப் பார்த்தார்கள் என்பதும் தெரியும். பக்கத்து வீட்டில் இருக்கும் நர்ஸ் தேவையில்லாமல் எட்டிப் பார்த்திருந்தால் அதுவும் அங்கே நிற்கும். நம் தோட்டத்துச் சூழலில் இது எவ்வளவு முக்கியம் என்று யோசியுங்கள். ஊர் சின்னது, எல்லாரும் சொந்தம். ஒரு பெண்ணுக்குக் காசநோய் என்று தெரிந்தால் அவள் தங்கையின் கல்யாணம் நிற்கிறது. தன் விவரம் வெளியே போகும் என்ற பயம் இருந்தால் அவள் கிளினிக்குக்கே வரமாட்டாள்.

சிப்புட் பிள்ளை | புதன், இரவு 8:30

மிஸ்ஸி அக்கா, நீங்கள் கேட்டதைப் பார்த்தேன். கை நடுங்குகிறது.

ஐசியில் அம்மாவின் பெயர் கடைசியில் 'ஹெச்' எழுத்தோடு முடிகிறது. தாத்தா பெயருக்கு முன்னால் 'ஏ', சாய்கோடு, 'பி' (மலாயில் 'மகள்' என்பதன் சுருக்கம்). தேடிப் பார்த்ததில் பிஸ்கட் டின்னில் இரண்டு கிளினிக் அட்டைகள் இருந்தன, இரண்டுமே நம்மூர் அட்டைகள்தான். ஒன்றில் 'ஹெச்' இருக்கிறது. மற்றதில் இல்லை, சாய்கோடும் இல்லை, 'ஏபி' என்று ஒட்டி ஒரே சொல் போல எழுதியிருக்கிறது. அதில் ஐசி எண்ணின் நடுவில் இரண்டு இலக்கம் இடம் மாறியும் இருக்கிறது. இரண்டிலும் வேறு வேறு பதிவு எண்.

அப்படியென்றால் ஒரே கூரைக்குள்ளேயே அம்மா இரண்டு பேராக இருந்திருக்கிறாரா?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | புதன், இரவு 9:05

ஆமாம் தம்பி. இதைத்தான் எதிர்பார்த்தேன், ஆனால் உங்கள் வீட்டில் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

சுப்பிரமணியம் என்ற ஒரே பெயரை ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று பாருங்கள். 'பி' ஒன்றா இரண்டா, நடுவில் 'ஏ' உண்டா 'ஐ' உண்டா, கடைசியில் 'யம்' எப்படி. பிறப்புப் பதிவு அன்று தோட்டத்து கிராணியோ போலீஸ்காரரோ காதில் விழுந்ததை எழுதினார். அண்ணனுக்கு ஒரு எழுத்து, தம்பிக்கு ஒரு எழுத்து. அப்பா பெயர் இருவருக்கும் இரண்டு விதம். (கிராணி ஐயா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.) சில கணினிகள் சாய்கோட்டை ஏற்காது. ஏற்காதபோது கவுண்டரில் இருக்கும் பிள்ளை அதை விட்டுவிட்டுத் தட்டும். தேடும்போது சாய்கோட்டோடு தேடினால் "இல்லை" என்று வரும். பின்னால் எழுபது பேர் நிற்கிறார்கள். புது அட்டை போட்டால் ஒரு நிமிடம், பழையதைத் தேடினால் இருபது நிமிடம். அவள் புது அட்டை போடுவாள். நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

இதற்கு மருந்து ஐசி எண்ணை வைத்துத் தேடுவது. 12 இலக்கம், மாறாதது. சில்லு வைத்த ஐசியான மைகார்டு 2001-இல் வந்தபோதே அதன் சில்லில் ரத்த வகை, ஒவ்வாமை போன்ற சுகாதார விவரம் வைக்க இடம் கொடுத்தார்கள். அட்டையைச் செருகினாலே எண்ணும் பெயரும் தானாக வர வேண்டும், விரலால் தட்டவே கூடாது. தட்டினால்தானே இலக்கம் இடம் மாறுகிறது.

ஆனால் இதைவிட வேதனையான ஒன்று இருக்கிறது. குடியுரிமை இல்லாத, நிரந்தரவாசிகளான சிவப்பு ஐசிக்காரர்களுக்காவது ஒரு எண் உண்டு. தோட்டத்தில் வீட்டிலேயே பிறந்து, பதியாமல் விட்டு, இன்று நாற்பது வயதில் எந்தப் பத்திரமும் இல்லாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படி ஒரு தாய் என்னிடம் இரண்டு பிரசவத்துக்கு வந்தார். ஒவ்வொரு தடவையும் புது ஆள் போலப் பதிந்தோம். முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமானது என்பது இரண்டாவது தடவை எனக்குத் தெரிந்தது அவர் முகத்தை நான் அடையாளம் கண்டதால்தான். நான் அன்று லீவில் இருந்திருந்தால்? ஐசி எண்ணை மட்டும் சாவியாக வைக்கிற எந்தத் திட்டமும் அவரை வெளியே நிறுத்திவிடும். அவருக்கென்று மாறாத ஒரு சுகாதார எண் வேண்டும். குடியுரிமை வழக்கு தன் வழியில் போகட்டும், ரத்தப்போக்கு அதற்காகக் காத்திருக்காது.

மாறன் (மென்பொருள்) | புதன், இரவு 11:48

அக்கா, இதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

நாங்கள் கூட்டங்களில் "நோயாளி அடையாளப் பொருத்தம்" என்று ஒரு வரி போட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2012-இல் நாடுகளுக்குக் கொடுத்த மின்சுகாதாரத் திட்ட வழிகாட்டியில் ஏழு அங்கங்கள் உண்டு. தலைமை, முதலீடு, சேவைகள், கட்டமைப்பு, தர நிர்ணயம், சட்டம், ஆள்பலம். நான் எப்போதும் தர நிர்ணயத்தைப் பற்றித்தான் கத்துவேன். ஆனால் அம்மா இரண்டு பேராகப் பதிவாகியிருந்தால் என்னுடைய பொது மொழி என்ன செய்யும்? பாதி அம்மாவைத் துல்லியமாக ஜொகூருக்கு அனுப்பும். சிறுநீரக முடிவு மற்ற பாதியில் கிடக்கும். டாக்டர் திரையைப் பார்த்து, கிட்னி பற்றி ஒன்றும் இல்லை, நல்லது என்று நம்புவார். காகிதமே இல்லாததைவிட அது ஆபத்து.

இந்தியாவில் 2021-இல் ஆயுஷ்மான் பாரத் மின்னியல் இயக்கத்தைத் தொடங்கியபோது 14 இலக்கச் சுகாதார எண்ணைக் கொடுத்தார்கள். மிஸ்ஸி அக்கா கேட்பது அது போல ஒன்று, பத்திரம் இல்லாதவருக்கும் சேர்த்து.

இரட்டை வேலை பற்றி நீங்கள் சொன்னதற்கும் பதில் சொல்ல வேண்டும். பிரிட்டன் 2002-இல் நாடு முழுவதற்கும் ஒரே திட்டம் என்று மேலிருந்து இறக்கியது. பல நூறு கோடி பவுண்டு செலவு. வார்டில் வேலை செய்கிறவர்களைப் போதுமான அளவு கலந்து பேசவில்லை. 2011-இல் கலைத்தார்கள். அமெரிக்கா 2009-இல் வேறு வழியில் போனது: கணினி வாங்கினால் காசு இல்லை, அதை உருப்படியாகப் பயன்படுத்திக் காட்டினால்தான் காசு. 2008-இல் அங்கே பத்தில் ஒரு மருத்துவமனையில்கூட அடிப்படை மின்பதிவு இல்லை, 2015-இல் பத்தில் எட்டுக்கும் மேல். ஆனால் பதிவு இருந்தும் ஒருவருக்கொருவர் கொடுக்காமல் பொத்தி வைத்துக்கொண்டார்கள். தகவலை மறைப்பதைத் தடுக்க 2016-இல் இன்னொரு சட்டம் போட வேண்டியிருந்தது. டாக்டர்கள் இரவு வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்யும் துன்பமும் அங்கேதான் பெரிதாகப் பேசப்பட்டது. நீங்கள் நாலு மணிக்கு மேல் உட்கார்ந்த கதைதான் அக்கா.

ஆனாலும் ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பச்சைப் புத்தகத்தை எடுத்துவிட வேண்டும். அது இருக்கிறவரை எல்லாரும் அதை நம்பிக்கொண்டு கணினியை அரைகுறையாக விடுவார்கள்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | வியாழன், காலை 6:40

எடுக்கக்கூடாது.

அந்தப் புத்தகத்தை அம்மா திறந்து பார்க்கலாம். எண் படிக்கத் தெரிந்தால் போன மாதம் 9, இந்த மாதம் 8 என்று பார்த்துச் சந்தோஷப்படலாம். பேத்திக்குக் காட்டலாம். கணினியில் ஏற்றிவிட்டு, கடவுச்சொல் கேட்கிற ஒரு செயலியைக் காட்டி "உங்கள் பதிவு இதில் இருக்கிறது" என்றால், அது அவர் கையை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம்.

செம்பனைத் தம்பி | வியாழன், பிற்பகல் 1:20

மிஸ்ஸி அக்கா சொல்வதுதான் எங்கள் வீட்டு நிலைமை. வீட்டில் ஒரே ஹேண்ட்போன், அது என்னோடு காட்டுக்கு வந்துவிடும். அங்கே லைன் ஒரு கோடு வரும், போகும். 2021 கடைசியில் 3ஜி-யை நிறுத்தினார்கள், அப்பாவின் பழைய போன் பேச மட்டும்தான் ஆகிறது. அப்பாவும் பாட்டியும் என் மைசெஜாத்ராவில்தான் சார்ந்தவர்களாக இருக்கிறார்கள். நான் வேலை முடிந்து வந்து சொன்னால்தான் அவர்களுக்கு அப்பாயின்மென்ட் தேதி தெரியும்.

மருந்துப் பையில் இருக்கிற லேபலையும் சொல்லணும். மலாயில் இருக்கிறது. பாட்டிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், மலாய் பேச வரும், ரோமன் எழுத்து வராது. நான் ஒவ்வொரு பையிலும் பேனாவால் சூரியன், நிலா வரைந்து கொடுக்கிறேன். கணினிதானே அச்சடிக்கிறது? அதே கணினியால் தமிழில் ஒரு வரி அடிக்க முடியாதா மாறன் அண்ணே?

மாறன் (மென்பொருள்) | வியாழன், பிற்பகல் 1:55

முடியும் தம்பி. ஒரு மாத வேலைகூட இல்லை. "காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பிறகு" என்பது போல நூறு வாக்கியங்களை மருந்தாளர் ஒருவர் சரிபார்த்துக் கொடுத்தால் போதும். கேட்டு வாங்க வேண்டியதுதான்.

மிஸ்ஸி அக்கா, இரவெல்லாம் யோசித்தேன். புத்தகத்தைப் பற்றி நான் சொன்னது தப்பு. நர்ஸ் கையால் எழுதுவது நிற்கட்டும். கணினியே ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கத்தை அச்சடித்துக் கொடுக்கட்டும்: மருந்துப் பட்டியல், ஒவ்வாமை, கிட்னி ரத்த முடிவு, போன மூன்று மாதச் சர்க்கரை, ஒரு சதுரக் குறியீடு (கியூஆர்). அம்மா அதைப் புத்தகத்தில் ஒட்டிக்கொள்வார். ஜொகூரில் லைன் இல்லாத கிளினிக்கிலும் அந்த ஒரு பக்கம் போதும், அந்த வலி மாத்திரையை டாக்டர் எழுதியிருக்க மாட்டார்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | வியாழன், பிற்பகல் 2:10

இது சரி. இதற்கு நான் கையெழுத்துப் போடுகிறேன்.

வழக்கறிஞர் தங்கச்சி | வியாழன், இரவு 8:45

இவ்வளவு பேசியாகிவிட்டது, இதை மனுவாக எழுதலாம். ஒரு புள்ளிவிவரம் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019 தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் மட்டும் 31.4. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். பதிவு தவறினால் முதலில் அடி விழுவது நம் வீட்டில்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மனுவில் தனியார் கிளினிக்கையும் விடாதீர்கள். வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குக் காய்ச்சல் என்றால் நாம் போவது கடைத்தெரு தனியார் கிளினிக்குக்குத்தான். அரசாங்கக் கிளினிக்குகளை மட்டும் இணைத்தால் அந்த ஊசியும் மாத்திரையும் பதிவில் வராது. அப்புறம், யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் நோயாளிக்குத் தெரிய வேண்டும் என்பதை நான் எழுதித் தருகிறேன்.

பழைய கிராணி | வெள்ளி, காலை 9:30

மனுவைச் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். சுகாதாரம் கூட்டரசின் கையில், அதனால் நாடாளுமன்ற உறுப்பினர் முக்கியம். மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு ஒரு நகல். எல்லாவற்றிலும் "பெற்றுக்கொண்டோம்" என்று முத்திரை வாங்குங்கள். கோவில் கூட்டத்தில் கையெழுத்து வாங்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெயர் எழுதியது பற்றி மிஸ்ஸி சொன்னதில் வருத்தம் இல்லை. எத்தனை பிள்ளைகளின் பெயரை நான் அப்படி எழுதிக் கொடுத்தேனோ. அன்றைக்கு இப்படி ஆகும் என்று தெரியாது.

சிப்புட் பிள்ளை | சனி, மாலை 5:15

நேற்று அரை நாள் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு கிளினிக்குப் போனேன். இரண்டு அட்டையையும் ஐசியையும் கவுண்டரில் வைத்தேன். அங்கிருந்த மலாய்த் தங்கை பதறிப்போய்விட்டார். மேலதிகாரியைக் கூப்பிட்டு, உள்ளே போய், இரண்டு ஃபைலையும் தேடி எடுத்துவர முக்கால் மணி நேரம் ஆனது. ஒன்று தடியாக, ஒன்று மெலிசாக. மெலிசான ஃபைலில் ஒன்றரை வருடத்து ரத்த முடிவுகள். டாக்டர் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துத் தேதி வாரியாக அடுக்கினார். கிட்னி ஒன்றரை வருடமாகவே படிப்படியாக இறங்கி வந்திருக்கிறது, இரண்டு ஃபைலையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது தெரிகிறது. சர்க்கரை மாத்திரையின் அளவைக் குறைத்து எழுதினார். இனி ஒரே ஃபைல், ஐசியில் உள்ளபடி.

டாக்டரிடம் கேட்டு மருந்துப் பட்டியலை ஒரே தாளில் அச்சடித்து வாங்கினேன். தம்பி, உன்னைப் பார்த்து நானும் ஓரத்தில் சூரியன், நிலா வரைந்திருக்கிறேன். அம்மா அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ரப்பர் பேண்ட் போட்டு, டின்னில் வைத்துவிட்டார். நான் போனில் ஒரு படம் எடுத்து அக்காவுக்கும் அனுப்பிவிட்டேன்.

மனுவின் முதல் வரைவு நாளை இரவு இங்கே போடுகிறேன். பத்திரம் இல்லாதவர்களுக்கான சுகாதார எண்ணை முதல் பத்தியில் வைத்திருக்கிறேன், அம்மா கதை இரண்டாவதுதான். மிஸ்ஸி அக்கா, அந்தத் தாயைப் பற்றி எழுத அவர் சம்மதிப்பாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | சனி, இரவு 7:00

கேட்கிறேன். திங்கட்கிழமை பாசாரில் (சந்தையில்) பார்ப்பேன்.